ஏழாம் பிரிவின் ‘ஓ’

அன்று கூட்டத்தொடரின் கடைசி நாள். மாலைக்குள் ஒன்பது மசோதாக்கள் நிறைவேறியாக வேண்டும் என்று முந்தின நாளே நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்திருந்தது. அதில் ஐந்தாவதாக இருந்த கட்டடப் பாதுகாப்பு மசோதாவை ஆதரித்துப் பேச ஊசியம்மாவுக்கு மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.

ஊசியம்மா என்பது தொகுதி வைத்த பெயர். இருபத்தாறு வருடம் அரசு செவிலியாக வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டவள். ஆளுங்கட்சி அவளைத் தேர்தலில் நிறுத்தி அவள் ஜெயித்து வந்தபோது, “தொகுதியில பாதிப் பேர் உங்களைப் பார்த்து அலறினவங்க. எப்படி ஓட்டுப் போட்டாங்க?” என்று கட்சிக்காரர்களே கேலி செய்தார்கள். சட்டமன்றத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியும் அவளுடைய சொந்தப் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை.

காலை ஆறரை மணிக்குச் சமையலறையில் நின்றபடி பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா மேசையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே கைபேசியில் நேரம் பார்த்தாள். அக்கா தொலைபேசி இணைப்பகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இரைச்சலுக்கு நடுவே ‘ஏழா, எட்டா’ என்று பிரித்தறிந்த காது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையின் கணவர் இறந்த பிறகு இருவரும் ஒரே வீட்டில்தான்.

“நிறுத்து,” என்றாள் அக்கா.

“மூணு நிமிஷம் ஆயிடுச்சா?”

“ஒண்ணே கால்தான் ஆச்சு. இப்பப் படிச்சியே, அதை மறுபடி படி.”

ஊசியம்மா மசோதாவின் ஏழாம் பிரிவை மறுபடி படித்தாள். “உரிமம் இல்லாததோ, உறுதிச் சான்று இல்லாததோ ஆன கட்டடம் எதையும், பதினைந்து நாள் அறிவிப்பின் பேரில் காலி செய்விக்கலாம்.”

“இல்லாததோவா? இல்லாததுமா?”

“இல்லாததோ.”

“அப்ப ரெண்டுல ஒண்ணு இல்லேன்னாலும் போச்சு. நம்ம வீட்டுக்கு உரிமம் ஏதுடி? நீயும் நானும் பெட்டியைக் கட்டணுமா?”

ஊசியம்மா தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். ஒருமுறை விரல் வைத்துப் படித்தாள்.

ரயில் பாதைக்கு மேற்கே, அவளுடைய தொகுதியில், நாலாயிரம் வீடுகள் இருந்தன. உரிமம் என்ற ஒன்றை அரசு கண்டுபிடிப்பதற்கு முன்பே கட்டியவை. ஒன்றுக்கும் உரிமம் கிடையாது. ஆனால் எல்லாம் திடமானவை. போன வருடம் வேறொரு பகுதியில் ஐந்து மாடிக் கட்டடம் சரிந்து பதினோரு பேர் செத்த பிறகு, பொறியாளர்கள் சுத்தியலும் கருவியுமாக வந்து ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்த்து உறுதிச் சான்று கொடுத்திருந்தார்கள். அந்த விபத்தால் வந்ததுதான் இந்த மசோதாவும். அதை ஆராய்ந்த தேர்வுக் குழுவில் அவளும் உறுப்பினர். மூன்று கூட்டங்களில் தொண்டை வற்றக் கத்தி, இரண்டுமே இல்லாத கட்டடங்களை மட்டும்தான் காலி செய்ய வேண்டும் என்று முடிவு செய்ய வைத்தவளே அவள்தான். குழுவின் அறிக்கையை எடுத்துப் பார்த்தாள். ‘உரிமம் இல்லாததும், உறுதிச் சான்று இல்லாததுமான’ என்று தெளிவாக இருந்தது.

“அச்சுல மாத்திட்டாங்க,” என்றாள்.

“அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி யாரும் பார்க்கலையா?”

அவள் அறிக்கையை மூடினாள். பார்க்க வேண்டியவள் யார் என்பது அதற்குள் நினைவுக்கு வந்துவிட்டது. குழுவின் முடிவுகளோடு கடைசிப் பிரதியை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பொறுப்பு அவளிடம்தான் இருந்தது. பன்னிரண்டு நாளுக்கு முன்பு அந்தக் கட்டு கைக்கு வந்தது. ஒரு மருத்துவமனைத் திறப்பு விழாவிலிருந்து ஒரு துக்க வீட்டுக்குப் போகும் வழியில், ரயில்வே கேட் மூடியிருந்தபோது, காரின் பின் சீட்டில் மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். முப்பத்திரண்டு பக்கம், முப்பத்திரண்டு கையெழுத்து. ரயில் வருவதற்கு முன்பே முடித்துவிட்டாள்.

“சாப்பிட்டுப் போ,” என்று அக்கா சொன்னது வாசல் தாண்டித்தான் காதில் விழுந்தது.

சட்டமன்றக் கட்டடத்தின் பின்கட்டில், இரண்டாம் மாடியில் இருந்தது சட்ட வரைவாளரின் அறை. மசோதாக்களைச் சட்ட மொழியில் எழுதிக் கொடுக்கும் அலுவலர் அவர். ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. மூன்று நாளாக வீட்டுக்குப் போகவில்லை என்பது சட்டைக் காலரைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் அலமாரியிலிருந்து அந்தக் கட்டை உருவி ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தார்.

ஏழாம் பிரிவின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தது: ‘ஐந்து, ஒன்பதாம் பிரிவுகளில் ‘ஓ’ உள்ளது. சீராக இருக்க இங்கும் ‘ஓ’ ஆக்கப்பட்டுள்ளது. சரியா? உறுப்பினர் உறுதி செய்க.’ அதற்குப் பக்கத்தில், விரல் நுனி இடைவெளியில், அவளுடைய நீல மைக் கையெழுத்து.

“நீங்க ஒண்ணும் எழுதலை. கையெழுத்து மட்டும் இருந்தது. சரின்னு எடுத்துக்கிட்டேன்,” என்றார் வரைவாளர். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

“இப்ப என்ன செய்யலாம்?”

“திருத்தம் கொடுக்க நேத்து மூணு மணியோட நேரம் முடிஞ்சது. இப்ப ரெண்டே வழிதான். அமைச்சரே எழுந்து திருத்தம் கொண்டு வரணும். இல்லேன்னா நீங்க எழுந்து கேட்டு, அவையில ஒரு ஆள்கூட ஆட்சேபிக்காம இருக்கணும்.”

“ஒரு ஆள்கூடவா?”

“ஒரே ஆள் ‘முடியாது’ன்னு சொன்னாலும் முடிஞ்சு போச்சு. பிரிவு ஏழு நிறைவேறிட்டா அடுத்த கூட்டத்தொடர் வரைக்கும் அதுதான் சட்டம். நாலு மாசம்.” அவர் விரல் விட்டு எண்ணினார். “பதினஞ்சு நாள் அறிவிப்பு நாலு மாசத்துல எட்டுத் தடவை கொடுக்கலாம்.”

அப்போது மணி எட்டே முக்கால். பத்துக்கு அவை கூடும்.

கீழே நீளமான தாழ்வாரத்தில் கொறடா நின்றுகொண்டிருந்தார். யார் எப்போது உள்ளே இருக்க வேண்டும், எதற்குக் கை தூக்க வேண்டும் என்று கட்சிக்காரர்களை மேய்ப்பது அவர் வேலை. பெரிய உடம்பு, பஞ்சு மாதிரிக் குரல். கையில் உறுப்பினர் பட்டியல். ஒவ்வொருவராக உள்ளே வர வர டிக் போட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க ஊசியம்மா. உங்க மசோதா அஞ்சாவது இல்லை, ரெண்டாவது. முதல்வர் ரெண்டு மணிக்கு ஊருக்குக் கிளம்பறாரு. அதுக்குள்ள முக்கியமானதை முடிக்கச் சொல்லிட்டாரு.”

அவள் தாளை நீட்டினாள். அவர் படித்தார். இரண்டாம் முறை படிக்கவில்லை.

“ஒரு எழுத்துக்காகவா இப்படி மூச்சு வாங்க ஓடி வந்தீங்க?”

“அந்த ஒரு எழுத்துல நாலாயிரம் வீடு இருக்குங்க.”

“யாரும் இடிக்கப் போறதில்லை. நம்ம அரசாங்கம்தானே?”

“நம்ம அரசாங்கம்தான். நாளைக்கு ஒரு அதிகாரி புத்தகத்தைத் திறந்து காட்டினா நான் என்ன பதில் சொல்றது?”

கொறடா பெருமூச்சு விட்டு, அவளை அமைச்சரின் அறைக்கு அழைத்துப் போனார். வீட்டுவசதி அமைச்சர் நாற்காலியில் உட்காரக்கூட நேரமில்லாமல் நின்றபடியே கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கூர்மையான மனிதர். அவள் சொன்ன மூன்றாவது வாக்கியத்திலேயே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“தப்புதான். ஆனா இன்னைக்குத் தொட முடியாது. ரயில் பாதை ஓரத்து நிலத்தைக் காலி பண்ணத்தான் இந்தச் சட்டம்னு எதிர்க்கட்சி ஒரு மாசமா ஊர் முழுக்கக் கத்திக்கிட்டிருக்கு. கடைசி நிமிஷத்துல நானே எழுந்து திருத்தினா, கையும் களவுமா மாட்டிக்கிட்டோம்னு ஆயிடும். சட்டம் வரட்டும். விதிகள் எழுதும்போது சரி பண்ணிடறேன். என் வார்த்தை.”

“சட்டத்துல இருக்கிறதை விதி மாத்த முடியுமா ஐயா?”

அமைச்சர் பேனாவை மூடினார். “பார்த்துக் கையெழுத்துப் போட்டது நீங்க. இது வெளியில வந்தா எனக்கு ஒரு நாள் தலைவலி. உங்களுக்கு அரசியலே முடிஞ்சிடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

வெளியே வந்ததும் கொறடா பட்டியலை எடுத்து, பேசுவோர் வரிசையில் அவள் பெயரைக் கோடு போட்டு அடித்தார். “இன்னைக்கு நீங்க பேச வேண்டாம். தொண்டை சரியில்லைன்னு வச்சுக்குவோம்,” என்றார், உடம்பு சரியில்லாதவரிடம் பேசுவதுபோல.

பத்து மணிக்கு மணி அடித்தது. கேள்வி நேரம் ஒரு யுகம்போல நகர்ந்தது. ஒரு உறுப்பினர் தன் ஊர்ப் பாலத்தைப் பற்றிக் கேட்டார். ஒருவர் பள்ளிக்கூடக் கூரையைப் பற்றி. எதுவும் ஊசியம்மா காதில் ஏறவில்லை. எதிர் வரிசையில் எதிர்க்கட்சியின் வக்கீல் உட்கார்ந்திருந்தார். தேர்வுக் குழுவில் அவளோடு இருந்தவர். நாக்கில் கத்தி வைத்திருப்பவர் என்று பெயர். ஒரு துண்டுச் சீட்டில் ‘பிரிவு ஏழைப் பாருங்கள்’ என்று எழுதினாள். அதை அவையின் ஊழியர் ஒருவரிடம் கொடுத்தால் போதும். வக்கீல் கூரை அதிரக் கத்துவார். இவள் கை படாமல் வேலை நடந்துவிடும்.

ஆனால் அவர் கத்தினால் இந்தப் பக்கம் வீம்புக்கு எல்லாரும் எதிர்த்துக் கை தூக்குவார்கள். அது அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்தில் அவளே எத்தனையோ முறை அப்படித் தூக்கியிருக்கிறாள். சீட்டைக் கசக்கிப் பைக்குள் போட்டாள்.

முதல் மசோதா இருபது நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவதை அமைச்சர் அறிமுகப்படுத்தினார். இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் மூன்று பேர் பேசினார்கள். பேசிய ஒருவரும் ஏழாம் பிரிவைத் தொடவில்லை. ஐந்து பேரும் படித்திருக்கவில்லை என்று நினைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

அவைத்தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இயந்திரம்போல ஆரம்பித்தார். “பிரிவு இரண்டு முதல் பன்னிரண்டு வரை மசோதாவின் பகுதியாக அமையும் என்பது அவையின் முன்னுள்ள வினா. ஏற்போர்...”

எழுந்தது அவளா, அவளுடைய கால்களா என்று சொல்ல முடியாது. “அவைத்தலைவர் அவர்களே, ஒழுங்குப் பிரச்சினை!”

அவை திரும்பிப் பார்த்தது. முன் வரிசையிலிருந்து கொறடா கையைக் கீழ்நோக்கி அமுக்கி அமுக்கி ஆட்டினார், ‘உட்காருங்க, உட்காருங்க’ என்று.

“பேசுவோர் பட்டியலில் உறுப்பினர் பெயர் இல்லையே?” என்றார் அவைத்தலைவர்.

“பேச்சு இல்லைங்க. ஏழாம் பிரிவுல அச்சாகியிருக்கிறது குழு எடுத்த முடிவு இல்லை. குழு ‘இல்லாததும்’னு முடிவெடுத்தது. இங்க ‘இல்லாததோ’ன்னு இருக்கு. ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.”

யார் மாற்றியது, யார் கையெழுத்திட்டது என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்து எழுந்தாள். வாய் வரை வந்தது. அதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

வக்கீல் ஒரு நொடியில் ஏழாம் பிரிவைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார். “உறுப்பினர் சொல்வது உண்மை. நானும் அந்தக் குழுவில் இருந்தேன். எங்கள் முதுகுக்குப் பின்னால் மாற்றியிருக்கிறார்கள்! ஏழை வீடுகளைப் பறிக்கச் சதி!”

அவ்வளவுதான். எதிர் வரிசை முழுக்க எழுந்து நின்றது. மேசைகள் தட்டப்பட்டன. மாடத்தில் பத்திரிகைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவைத்தலைவர் நான்கு முறை மணி அடித்து, ஏழாம் பிரிவை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மற்றப் பிரிவுகளை எடுத்துக்கொள்வதாக அறிவித்தார்.

பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே அமைச்சர் அவளுக்காகக் காத்திருந்தார். முகம் சிவந்திருந்தாலும் குரலை உயர்த்தவில்லை. பின்னால் கொறடா கதவைச் சாத்திக்கொண்டு நின்றார்.

“நினைச்சதைச் சாதிச்சுட்டீங்க. இப்ப நானே திருத்தம் கொண்டு வர்றேன், வேற வழியில்லை. ஆனா சதின்னு சொல்றாங்களே, அதுக்கு ஒரு பதில் வேணும். அச்சுல வந்த தப்புன்னு முடிச்சிடறேன். நீங்க இனிமே எழுந்திருக்கக் கூடாது. சம்மதமா?”

“நாலாயிரம் வீடும் தப்பிச்சிடுமா?”

“தப்பிச்சிடும்.”

“சம்மதம்,” என்றாள் ஊசியம்மா. வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

உள்ளே எல்லாம் சொன்னபடியே நடந்தது. அமைச்சர் எழுந்தார், ஏழாம் பிரிவில் ‘இல்லாததோ’ என்று வரும் இரண்டு இடங்களையும் திருத்தும் தீர்மானத்தைப் படித்தார். ஏற்போர் ‘ஆம்’ என்க. இரண்டு பக்கமும் சேர்ந்து ‘ஆம்’ என்றது. அந்தக் கூட்டத்தொடரில் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றைச் சொன்னது அந்த ஒரு தடவைதான். நாலாயிரம் வீடுகள் மூச்சு விடுகிற நேரத்தில் தப்பித்தன.

வக்கீல் விடவில்லை. “திருத்தியது சரி. மாற்றியது யார்? அதற்கு அமைச்சர் பதில் சொல்ல வேண்டும்.”

அமைச்சர் நிதானமாக எழுந்தார். “சதியும் இல்லை, ஒன்றும் இல்லை. சட்ட வரைவுப் பிரிவில் ஓர் அலுவலரின் கவனக்குறைவு. அவர் மீது இன்றே நடவடிக்கை எடுக்கப்படும். தற்காலிகப் பணிநீக்க உத்தரவு மாலைக்குள் வெளிவரும்.”

ஆளுங்கட்சி மேசைகள் ஆரவாரமாகத் தட்டப்பட்டன. ஊசியம்மாவின் பக்கத்து இருக்கைக்காரரும் தட்டினார்.

அவைத்தலைவரின் வலப்பக்கம், மரத் தடுப்புக்குப் பின்னால், அலுவலர்களுக்கான இடம். அங்கே வரைவாளர் உட்கார்ந்திருந்தார். அலுவலர்கள் அவையில் வாய் திறக்க முடியாது. அவர்களைப் பற்றி யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் மடியில் அந்தக் கட்டு இருந்தது. ஒன்பதாம் பக்கத்தை விரித்து வைத்திருந்தார் போலிருக்கிறது. அமைச்சர் பேசி முடித்ததும் அதை மூடினார். நாடாவைச் சுற்றிக் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினார். அவள் இருந்த பக்கம் அவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால், ஒரு முறை முறைத்திருந்தால், அவளுக்கு உட்கார்ந்திருப்பது சுலபமாக இருந்திருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நோயாளிக்கு அவள் மருந்து மாற்றி ஏற்றியிருக்கிறாள். பெட்டியில் இரண்டு குப்பிகள் ஒரே மாதிரி இருந்தன. கவனித்த நொடியில் மூன்று கட்டில் தள்ளியிருந்த டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் திட்டிக்கொண்டே மாற்று மருந்து கொடுத்தார். ஆள் பிழைத்துக்கொண்டார். அப்போது அவளுக்கு வயது இருபத்து மூன்று. வேலை போய்விடுமே என்ற யோசனைகூட அப்போது வரவில்லை. இப்போது ஐம்பத்திரண்டு வயதில், எல்லா யோசனையும் வரிசையாக வந்தது: அடுத்த தேர்தல், தொகுதியில் முகம், கொறடாவின் பட்டியல், பன்னிரண்டு நாளாகத் தூங்கிக் கிடந்த தன்னுடைய நீல மைக் கையெழுத்து. வீடுகள் பிழைத்துவிட்டன. இனி அவள் வாயைத் திறந்தால் யாருக்கும் ஒரு செங்கல்கூடக் கூடப்போவதில்லை. அமைச்சருக்குக் கொடுத்த வாக்கு வேறு இருக்கிறது.

அவைத்தலைவர் மூன்றாவது மசோதாவின் பெயரைப் படிக்க ஆரம்பித்திருந்தார்.

“அவைத்தலைவர் அவர்களே!”

“மறுபடியுமா? அதுதான் முடிந்துவிட்டதே, உறுப்பினரே.”

“முடியலைங்க. என்னைப் பத்தி ஒரு விளக்கம் சொல்லணும். ஒரு நிமிஷம் போதும்.”

கொறடா இந்த முறை கையை ஆட்டவில்லை. எழுந்தே நின்றுவிட்டார். அமைச்சர் திரும்பிப் பார்க்காமல் முன்னால் இருந்த தண்ணீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது அலுவலரோட கவனக்குறைவு இல்லை,” என்றாள். “மாத்தினது சரியான்னு அவர் அந்தப் பக்கத்துலயே எழுதிக் கேட்டிருந்தார். பதில் சொல்ல வேண்டியவ நான். குழு சார்பா சரிபார்க்கிற பொறுப்பு எனக்குத்தான். நான் படிக்கலை. படிக்காமலே முப்பத்திரண்டு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டேன். கேள்விக்குப் பக்கத்துலயே போட்டிருக்கேன். அந்தக் கட்டு அவர்கிட்ட இருக்கு, யார் வேணும்னாலும் பார்க்கலாம். நடவடிக்கை எடுக்கணும்னா என் மேல எடுங்க.”

எதிர் வரிசையில் ஒருவர் சிரித்தார். சிரிப்பு பரவியது. வக்கீல் எழுந்து, “படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று எத்தனை நோயாளிகளிடம் சொல்லியிருப்பார் நம் ஊசியம்மா!” என்றார். இப்போது அவளுடைய கட்சிக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் நின்றபடியே இருந்தாள். காது இரண்டும் எரிந்தது. உட்காரலாமா என்பதுகூடப் புரியவில்லை.

சிரித்து ஓய்ந்ததும் வக்கீல் உட்காராமல் தாளைப் புரட்டினார். அவர் தொனி மாறியிருந்தது. “குழுவின் எல்லா உறுப்பினர்களுக்கும் அச்சுப் பிரதி வந்தது. எனக்கும்தான். நானும் பார்க்கவில்லை என்பதைக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அலுவலர் மீது நடவடிக்கை என்பதை அமைச்சர் திரும்பப் பெறுவாரா?”

அவைத்தலைவர் அமைச்சரைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அமைச்சர் எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரம் நீண்டது.

“பெறுகிறேன்,” என்றார் ஒரே சொல்லில்.

இடைவேளையின்போது தாழ்வாரத்தில் ஒருவரும் அவள் அருகில் வரவில்லை. காலையில் வரிசையாக வணக்கம் சொன்னவர்கள் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தபடி கடந்தார்கள். கொறடா மட்டும் வந்தார்.

“எல்லாரையும் அழ வச்ச ஊசியை உங்களுக்கே போட்டுக்கிட்டீங்களே,” என்றார். கோபத்தில் சொன்னாரா பரிதாபத்தில் சொன்னாரா என்று தெரியவில்லை. “அமைச்சருக்குக் கொடுத்த வார்த்தையையும் காப்பாத்தலை. நான் மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகணும். தெரியுமில்ல?”

“எழுதுங்க. அதுதானே உங்க வேலை.”

படிக்கட்டுத் திருப்பத்தில் வரைவாளர் நின்றிருந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து அவள் கூச்சத்தோடு ஒதுங்கினாள். அவர் நன்றி சொல்லவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டே, “அலுவலர் பேரு அவையில அடிபடறது நல்லதில்லைம்மா. நல்லதுக்கு அடிபட்டாலும் நல்லதில்லை,” என்றார். இரண்டு படி ஏறியவர் நின்று திரும்பினார். “பென்சில்ல எழுதினது என் தப்புதான். இனிமே சிவப்பு மையில எழுதறேன்.”

மதியத்துக்கு மேல் இன்னும் ஏழு மசோதாக்கள் நிறைவேறின. அவள் எல்லாவற்றுக்கும் இருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வானொலியை நிறுத்தாமல் வைத்திருந்தாள். செய்தியில் மசோதாவைப் பற்றி ஒரு வரி, ‘படிக்காமல் கையெழுத்திட்ட உறுப்பினர்’ பற்றி ஆறு வரி. அக்கா தட்டை முன்னால் வைத்தாள். அவள் பாதி சாப்பிடும்வரை காத்திருந்துவிட்டு, “எப்பவும்போல ரயில்வே கேட்லயா போட்டே?” என்று கேட்டாள்.

“ம்.”

“ரயில் வர்ற வரைக்கும் சும்மா இருக்க முடியாதே உன்னால, சின்ன வயசுலேருந்து,” என்று சலித்துக்கொண்டாள் அக்கா. அதற்குமேல் திட்டவில்லை. ஊசியம்மாவுக்கு அழுகை வந்தது அப்போதுதான். அக்கா எழுந்து போய் வானொலியை நிறுத்தினாள்.

பத்து நாள் கழித்துக் கட்சியிலிருந்து கடிதம் வந்தது. எல்லா ஆய்வுக் குழுக்களிலிருந்தும் அவளை எடுத்துவிட்டார்கள். நூலகக் குழுவில் மட்டும் போட்டிருந்தார்கள். “படிக்கட்டும்னு போட்டிருக்காங்க,” என்று அக்கா சிரித்துச் சிரித்து இருமினாள். தொகுதியில் பேச்சு இரண்டு விதமாக இருந்தது. ரயில் பாதைக்கு மேற்கே ஒரு கடையில், ‘நம்ம வீட்டைக் காப்பாத்தினவ’ என்றார்கள். அதே கடையில் அடுத்த மேசையில், ‘நம்ம வீட்டைத் தொலைக்க இருந்தவளும் அவதான்’ என்றார்கள். இரண்டையும் அவள் மறுக்கவில்லை.

சட்டம் நடைமுறைக்கு வந்து முதல் அறிவிப்பு அவளுடைய தொகுதியிலேயே ஒட்டப்பட்டது. பாதைக்குக் கிழக்கே, உரிமமும் இல்லாத, உறுதிச் சான்றும் கிடைக்காத நான்கு மாடிக் கட்டடம். ஒரு தூணில் கை நுழையும் அளவுக்கு விரிசல். பதினோரு குடும்பங்கள். பதினைந்தாம் நாள் காலையில் அவள் அங்கே போனபோது தெருவெல்லாம் கட்டிலும் பாத்திரமுமாக இருந்தது. மாற்று வீடுகளின் சாவிகளோடு வர வேண்டிய அதிகாரி இன்னும் வந்திருக்கவில்லை. அவரைத் தொலைபேசியில் பிடித்து, அவர் கிளம்பிவிட்டார் என்று உறுதி செய்துகொண்டு கட்டடத்துக்குள் ஏறினாள்.

இரண்டாம் மாடிப் படிக்கட்டில், ஒரு மர அலமாரியைத் தனியாக இறக்கிக்கொண்டிருந்த பெண் அவளை அடையாளம் கண்டுகொண்டாள். நாற்பது வயதிருக்கும். வியர்வையும் கோபமுமாக நின்றாள்.

“இந்தச் சட்டத்துக்கு நீயும்தானே கை தூக்கினே?”

“தூக்கினேன்.”

“பதினெட்டு வருஷம் இங்க இருந்திருக்கேன். என் பிள்ளைங்க பொறந்தது இங்கதான். ஒரு விரிசலுக்காக வெளியே போன்னா என்ன அர்த்தம்?”

“விழுந்துடும்மா. அந்தத் தூணை நானே பார்த்தேன். விழுந்துடும்.”

அந்தப் பெண் அலமாரியின் மறுமுனையைத் தாடையால் சுட்டிக் காட்டினாள்.

“அப்ப நின்னு பேசாதே. அந்தப் பக்கத்தைப் பிடி.”

ஊசியம்மா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு குனிந்து பிடித்தாள். அலமாரி கனமாக இருந்தது. “மெதுவா,” என்றாள் அந்தப் பெண். இருவரும் ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தார்கள்.